மூன்றாம் பாடத்துக்கு மேல் வெள்ளைத் தாள்

1

கோயில் மாத இதழுக்கு இந்த ஊர்ப் பனியைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பும்படி ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? விழுகிறது. அள்ளிப் போடுகிறோம். மறுபடியும் விழுகிறது. வருகிற அமலோற்பவ மாதா திருநாளோடு நானும் என் மனைவி ஆரோக்கியமும் மகள் ஜெசிந்தாவும் டொரன்டோவுக்கு வந்து ஐந்து வருஷம் முடிகிறது. அதற்கு நன்றியாக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று போனால், அதற்கும் ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். ஆண்டவருக்குப் படிவம் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். கோயில் கந்தோரில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குத் தெரியவில்லை.

ஆகவே பனியை விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது ஒரு புத்தகத்தைப் பற்றி. என்ன புத்தகம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். குவாண்டம் இரசாயனவியல். நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் சக்திச் சொட்டு என்று வருமே, அதை வைத்து அணுவோடு அணு எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற பாடமாம். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பொகவந்தலாவையில் தேயிலை ஸ்டோரில், சல்லடை மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பதினாறு வருஷம் தூள் பிரித்தவன். அப்படிப்பட்டவனைப் பிடித்து, மாணவர்களுக்கு ஏற்ற குவாண்டம் இரசாயனப் புத்தகம் எது என்று தீர்ப்புச் சொல்ல வைத்துவிட்டார்கள். இரண்டு கண்டங்களிலும் இதற்காக நான் பட்ட எரிச்சலை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இங்கே கேட்க ஆளில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

2

முதல் தப்பு என்னுடையதுதான். இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு வேலை. திரும்பி வந்த புத்தகங்களைத் துடைத்து, எண் பார்த்து வண்டியில் அடுக்கி, தள்ளிக்கொண்டு போய் அதனதன் தட்டில் வைக்க வேண்டும். தூள் பிரிப்பதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்; இதில் தும்மல் குறைவு. வேலை கிடைத்ததும் ஊருக்கு எழுதிய கடிதத்தில் "பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன்" என்று எழுதினேன். வண்டி தள்ளுகிறேன் என்று எழுதவில்லை. எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் இதைச் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று இப்போது தெரிகிறது.

என் அக்கா ஞானம் இன்னும் பொகவந்தலாவையில், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசை அறையில் இருக்கிறாள். அவள் மகள் லூர்து. எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இரசாயனம் படிக்கப் போன முதல் பிள்ளை அவள்தான். இரண்டு வருஷம் படித்தாள். அதற்குள் நாட்டில் நடக்கிற குழப்பத்தில் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டியோடு லயத்துக்குத் திரும்பி வந்தவள், அம்மாவோடு கூடையைக் கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். அவளைப்போலவே வீடு திரும்பிய பிள்ளைகள் இன்னும் மூன்று பேர் அக்கம்பக்கத் தோட்டங்களில் இருக்கிறார்கள். நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆனால் என்றைக்குத் திறந்தாலும் முதல் வேலையாகச் சோதனை வைப்பார்கள்.

போன வருஷம் லூர்து எனக்கு எழுதினாள். "மாமா, நீங்க அங்க யூனிவர்சிட்டியிலயே இருக்கீங்க. குவாண்டத்துக்கு எது நல்ல புத்தகம்னு பாத்து ஒண்ணு அனுப்புவீங்களா? ரெண்டு கேக்கல மாமா, ஒண்ணு போதும். வாத்தியார் இல்லாம நாங்களாவே படிக்கிற மாதிரி இருக்கணும்."

கடைசி வரியை நான் கவனிக்கவில்லை. "நல்ல புத்தகம்" என்பதோடு என் புத்தி நின்றுவிட்டது.

கடிதத்தை ஆரோக்கியத்திடம் படித்துக் காட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டே சிரித்தாள்.

"போங்க, போங்க. பேராசிரியர் ஐயா போயி நல்லதாப் பொறுக்கி எடுத்துட்டு வாங்க."

3

மனிதன் தனக்குத் தெரியாத விஷயத்தில் என்ன செய்வான்? பெரியவர்களைக் கேட்பான். எங்கள் நூலகத்துக்கு வெள்ளைத் தாடி வைத்த ஒரு இரசாயனப் பேராசிரியர் வருவார். நல்ல மனிதர், என்னைப் பார்த்தால் தலையசைப்பார். என்னுடைய இங்கிலீஷ் ஸ்டோரில் தொரையோடு பேசிப் பழகிய இங்கிலீஷ். "யெஸ் சார்", "நோ சார்", "மிஷின் பிரேக் சார்." அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஒத்திகை பார்த்து அவரிடம் கேட்டேன். யாருக்கு, எந்த ஊரில், எப்படிப் படிக்கப்போகிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. இங்கே பாடம் முடிந்ததும் பாடப்புத்தகம் எப்படி என்று மாணவர்களிடமே மதிப்பெண் கேட்கிறார்கள். அதற்கும் ஒரு படிவம். ஒன்று முதல் ஐந்து வரை கட்டம். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். படிவங்களை எடுத்து இருபது இருபதாகக் கட்டி மேலே அனுப்புவது என் வேலை. கட்டும்போது பார்த்தேன். அந்தப் புத்தகத்துக்கு எல்லாரும் நாலில் குறி போட்டிருந்தார்கள். ஐந்துக்கு நாலு என்றால் மோசமா?

நான் பார்த்த வரைக்கும் பேராசிரியர் சொல்லிவிட்டார், மாணவர்களும் சொல்லிவிட்டார்கள். நீல அட்டை போட்ட தடிப் புத்தகம். வாங்கி வந்து சமையலறை மேசையில் வைத்தேன். மேசையே ஒருமுறை ஆடியது.

ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையைத் தடவிப் பார்த்தாள். "உள்ள பாத்தீங்களா?"

"பாத்தேன். முன்னுரை எல்லாம் அருமையா இருக்கு."

"முன்னுரைதான! கணக்கப்பிள்ளை கூடைய மேலாப்புலயா பாப்பாரு? அடியில கைய வுட்டு ஒரு பிடி அள்ளுவாரு. மேல எல்லாரும் நல்ல கொழுந்தாத்தான் போட்டிருப்போம்."

கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடப்பதை இவள் சொல்கிறாள். அவசரத்தில் கிள்ளிய முத்தல் இலையைக் கீழே போட்டு, மேலே இளங்கொழுந்தைப் பரப்பிக்கொண்டு வருவார்கள். அது தெரிந்துதான் கணக்கப்பிள்ளை கூடையின் அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தரையில் பரப்பிப் பார்ப்பார்.

"இது புத்தகம் ஆரோக்கியம், கூடை இல்ல" என்றேன்.

"எனக்கென்னா தெரியும்? நான் கூடை தூக்குனவ" என்று அவள் அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்று சாப்பாட்டில் உப்பும் இல்லை.

4

தடிப் புத்தகம் கப்பல் தபாலில் போனது. தினமும் பஸ்ஸில் செபமாலை சொல்லும்போது ஒரு மணி அதற்காக. கொழும்பு போய்ச் சேர்ந்ததோடு, தொலைந்ததைத் தேடிக்கொடுக்கிற புனித அந்தோனியார் கைவிட்டுவிட்டார் போலிருக்கிறது. அங்கே சுங்கக் கந்தோரில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, நேரில் வரச்சொல்லிச் சிங்களத்தில் ஒரு கடிதம் அனுப்பினார்கள்.

லூர்துவும் அவள் தகப்பனார், என் மச்சான் அந்தோனியும் விடியற்காலை ஹட்டனில் ரயிலேறிப் போயிருக்கிறார்கள். முதல் தடவை, பிரஜாவுரிமைப் பத்திரம் கொண்டுவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை பத்திரத்தோடு போனார்கள். உள்ளே இருந்த அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். ஒரே குறியீடுகள், வளைந்த கோடுகள், எழுத்துக்குத் தலையில் கொம்பு.

"மொனவத மே?" இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

"பொத்தக் மாத்தையா" என்றாராம் மச்சான். புத்தகம் ஐயா.

"என்ன புத்தகம்?"

மச்சானுக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருந்தால் பள்ளிக்கூடப் புத்தகம் என்று நிறுத்தியிருப்பார். பெருமை தாங்காமல் "கெமிஸ்ட்ரி" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் காலத்தில், ஒரு தமிழ்ப் பிள்ளை, வெளிநாட்டிலிருந்து, கெமிஸ்ட்ரி. மூன்று மணி நேரம் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வெடி செய்கிற புத்தகமா என்று மூன்று அறைகளில் மூன்று பேர் பார்த்தார்களாம். கடைசியில் படித்த அதிகாரி ஒருவர் வந்து, பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதைப் படித்து யாராலும் எதையும் வெடிக்க வைக்க முடியாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தைப் பற்றி இது வரைக்கும் யாராவது சொன்ன ஒரே உண்மையான வார்த்தை அதுதான் என்று பின்னால் எனக்குத் தோன்றியது.

தவக்காலம் தொடங்கி இரண்டாம் வாரம் லூர்துவின் கடிதம் வந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. புத்தகம் நல்ல புத்தகம்தான். எங்களுக்குத்தான் ஏறல. நாலு பேரும் மூணாம் பாடம் வரைக்கும் தட்டுத்தடுமாறிப் போனோம். அதுக்கு மேல ஒரு வரியிலேர்ந்து அடுத்த வரிக்கு எப்புடி வர்றாங்கன்னே தெரியல. 'இதிலிருந்து எளிதில் காணலாம்'னு போட்டிருக்காங்க. எங்களால காண முடியல மாமா."

அதே உறைக்குள் மச்சான் தனியாக ஒரு தாள் வைத்திருந்தார். "சவரி, இனிமே சிரமப்படாதே. பிள்ளைக்கு மண்டையில ஏறல. ஏறாததை ஏத்தி என்ன செய்ய? பிள்ளைக்காம்பராவுல ஆயாவுக்கு ஆள் கேக்குறாங்க. உயிர்த்த ஞாயிறுக்குள்ள பதில் சொல்லணும்னு தொரை சொல்லிட்டாரு. பேர் பதிஞ்சா நிரந்தரம்."

பிள்ளைக்காம்பரா தெரியும்தானே. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அங்கே தூளியில் கிடந்தவன்தான். ஆனால் ஒருமுறை பேர் பதிந்தால், பல்கலைக்கழகம் திறக்கிற அன்று யார் போவார்கள்?

5

அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்தேன். யாரைப் பார்த்தாலும் கோபம் வந்தது. பேராசிரியரின் தாடியைப் பார்த்தாலும் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் இரசாயனத் தட்டுப் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். அதே நீலத் தடிப் புத்தகம் எட்டுப் பிரதிகள் அங்கே இருக்கின்றன. ஒன்றை எடுத்து, தாள்கள் திறக்கிற பக்கத்து ஓரத்தைத் துணியால் தேய்த்தேன். துடைத்தும் போகாத கைக்கறை. எங்கள் மேற்பார்வை அம்மா இதற்காக என்னை எத்தனை முறை கடிந்திருக்கிறாள்! "இந்த அழுக்கு ஏன் போகவில்லை?" என்பாள். பத்துப் பேர் விரல் பட்டுப் புரட்டிய இடம் எப்படிப் போகும்?

அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு ஓரம் முழுக்க இல்லை. அட்டையிலிருந்து ஒரு விரற்கடை வரைக்கும் கறுப்பு. அதற்கு மேல் கத்தரித்தாற்போல வெள்ளை. கடைக்குப் புதிதாக வந்த தாளைப்போல வெள்ளை.

வெள்ளை தொடங்குகிற இடத்தில் நகத்தைவிட்டுப் பிரித்தேன். மூன்றாம் பாடம் முடிகிற பக்கம்.

இரண்டாவது பிரதியை எடுத்தேன். அதுவும் அப்படியே. எட்டையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் நாலாம் பாடத்துக்குள் கொஞ்சம் போயிருந்தது. அதற்குள் யாரோ ஒரு பஸ் சீட்டை வைத்து மறந்திருந்தார்கள்.

எனக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் செபப்புத்தகம் ஞாபகம் வந்தது. என் அப்பாதான் அதை வைத்திருப்பார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் அப்பா படிப்பார். அந்தப் புத்தகத்தில் மரித்தோருக்கான செபம் இருக்கிற பக்கங்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, முனை மடிந்து, துணிபோல ஆகியிருக்கும். திருமணப் பக்கங்கள் பரவாயில்லை. புது வீடு மந்திரிக்கிற செபம் என்று ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் நான் ஊரை விடும் வரைக்கும் பளிச்சென்று வெள்ளையாகவே இருந்தது. லயத்தில் யார் புது வீடு கட்டினார்கள்? ஒரு புத்தகத்தை ஜனங்கள் எங்கே தொட்டார்கள், எங்கே தொடவில்லை என்று ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும், இத்தனை காலமாக அந்தச் சாட்சியைத் துணியால் தேய்த்து அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆரோக்கியம் அடியில் கை விடச் சொன்னபோது அவளுக்கு மதிப்புக் கொடுக்கவும் இல்லை.

பெட்டியில் நாலு, நாலு என்று குறி போட்ட பிள்ளைகள் மூன்றாம் பாடத்தில் நின்றுபோனவர்கள். பேராசிரியர் சொன்ன புத்தகத்தைக் குறை சொல்லக் கூச்சப்பட்டு நாலு போட்டிருக்கிறார்கள். பொகவந்தலாவையில் கோயில் அறையில் லூர்து எங்கே நின்றாளோ, அதே இடத்தில்தான் ஹீட்டர் போட்ட அறையில் வாத்தியாரோடு படிக்கிறவர்களும் நிற்கிறார்கள்.

உடனே அந்தத் தட்டில் இருந்த மற்றக் குவாண்டம் புத்தகங்களை எல்லாம் இழுத்து ஓரம் பார்த்தேன். பெரும்பாலும் இதே கதை. கடைசியில், கீழ்த் தட்டில், தவிட்டு நிற அட்டை கிழிந்து டேப் ஒட்டிய ஒரு மெல்லிசுப் புத்தகம். இரண்டே பிரதிகள். ஓரம் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் ஒரே கறுப்பு.

அதை ஒரு பெண் இரவல் வாங்கிப் படிப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் ஜன்னலோரம் அவள் அதே புத்தகத்தோடு இருந்தாள். பக்கத்தில் நீலத் தடியும் இருந்தது. நான் கிட்டப் போனதும், மூடுகிற நேரமாகிவிட்டது என்று நினைத்துப் பையைக் கட்டத் தொடங்கிவிட்டாள். இல்லை இல்லை என்று கையை ஆட்டி, என் இங்கிலீஷில், இரண்டில் எது நல்லது என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. தடிப் புத்தகத்தைப் பேராசிரியர் கண்ணில் படட்டும் என்று தூக்கிக்கொண்டு வருகிறாளாம், படிப்பது மெல்லிசில்தானாம். அதில் ஒரு படியைக்கூடத் தாண்டாமல் எழுதியிருக்கிறார்கள், இங்கிலீஷும் எளிது என்றாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, படிவத்தில் இதை எழுதவில்லை என்றாள்.

6

தீர்ப்பு கிடைத்துவிட்டது. புத்தகம் கிடைக்கவேண்டுமே! எங்கள் கோயிலுக்குப் பூசை வைக்க வரும் இலங்கைச் சாமியார் ஒருவர் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய வாரம் ஊருக்குப் போகிறார். ஹட்டன் வரைக்கும் போவார். அவரிடம் கேட்டேன்.

"சவரி, ஒண்ணுதான் கொண்டு போவேன். கல்லு மாதிரி ஒண்ண நீட்டுனீங்கன்னா உங்களத்தான் பையில வச்சுக் கட்டிக் கொண்டு போவேன்" என்றார்.

பல்கலைக்கழகப் புத்தகக் கடைக்குப் போனேன். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம், தருவிக்க வேண்டும், படிவம் நிரப்பு என்றார்கள். பாடநெறி எண் என்று ஒரு கட்டம். எங்கள் வீட்டு எண்ணை எழுதிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் போனேன், பேராசிரியர் பெயர் வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் தாடிக்காரர் பெயரை எழுதிக்கொண்டு போனேன். அவர் இந்தப் புத்தகத்தைச் சொல்லவில்லையே என்று அதையும் திருப்பினார்கள். சாமியார் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள்.

வீட்டுக்கு வந்து ஜெசிந்தாவிடம் கேட்டேன். பதினைந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் பாடுகிற மாதிரி இருக்கும்.

"கடைக்கு ஒரு போன் போட்டுப் பேசும்மா. லூர்து அக்காவுக்குப் புத்தகம்."

அவளுக்கு நேரமில்லையாம். அந்த அக்காவை அவளுக்கு ஞாபகமே இல்லையாம்.

ஆரோக்கியம் கரண்டியோடு வந்துவிட்டாள். "ஞாபகம் இல்லியா? மழையில ஆத்துப் பாலத்துல தண்ணி ஏறுனப்ப ஒன்னயத் தோள்ல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனவ யாருடி? அவ பாவாடையெல்லாம் நனைஞ்சு, ஒன் கால்ல கெடந்த சப்பாத்து நனையல. அதுவும் ஞாபகம் இல்லியா?"

ஜெசிந்தா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அரை மணி கழித்து வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் போனை எடுத்தாள். நான் மூன்று தடவை நடந்தும் முடியாததை மூன்று நிமிஷத்தில் பேசி முடித்தாள். நகரத்துக்குள் வேறொரு கடை; அங்கே ஒரு பிரதி இருக்கிறது; எடுத்து வைப்பார்கள். யாருக்கு என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். என் அக்காவுக்கு என்றாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். ஆரோக்கியம் சட்டென்று திரும்பி அடுப்பைக் கிளறத் தொடங்கினாள். அடுப்பு மின்சார அடுப்பு, கிளற ஒன்றுமில்லை.

புத்தகத்துக்குள் மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தேன். நாலு பக்கம். முதலில் பாவசங்கீர்த்தனம்: நான் பேராசிரியரும் இல்லை, கிளார்க்கும் இல்லை, புத்தகம் துடைத்து வண்டி தள்ளுகிறவன். பிறகு எட்டுப் பிரதிகளின் கதை. "மச்சான், துடைக்கிறவன் என்பதால்தான் எனக்கு இது தெரியும். இந்த ஊர்ப் பிள்ளைகளும் உங்கள் மகள் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். கறை எங்கே நிற்கிறது என்று என் கண்ணால் பார்த்தேன். மாதா மேல் ஆணை. இனிமேல் பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று சொல்லாதீர்கள். பேர் பதிகிறதுக்கு முன் இந்த மெல்லிசுப் புத்தகத்துக்கு ஒரு வருஷம் கொடுங்கள்."

7

மச்சானின் பதில் உயிர்த்த ஞாயிறு கழிந்து வந்தது. "தொடைக்கிற ஆளுன்னு எங்களுக்கு அப்பவே தெரியும் சவரி. பேராசிரியரா இருந்தா இவ்வளவு நீட்டுக் கடுதாசி எழுத ஒனக்கு நேரம் ஏது? ஆயா வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன். தொரைக்குக் கோவம். ஒரு வருஷம் பாப்போம்." அவ்வளவுதான். இவ்வளவு காலம் நான் மறைத்து வைத்திருந்த ரகசியத்துக்கு ஊரில் கிடைத்த மரியாதை அது.

பிறகு மாதக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. தபால் வேலைநிறுத்தம் என்றார்கள், ஊரடங்கு என்றார்கள். பல்கலைக்கழகம் இன்னும் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் செபமாலையில் அந்த ஒரு மணியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது கோபமாகவே சொன்னேன். மாதா பொறுத்துக்கொள்வாள்.

போன வாரம், இங்கே முதல் பனி விழுந்த அன்று, லூர்துவின் கடிதம் வந்தது. பிரித்ததும் உள்ளிருந்து ஒரு துண்டு சிவப்புத் தையல் நூல் விழுந்தது. இரண்டு முனையிலும் முடிச்சு.

"மாமா, மெல்லிசுப் புத்தகத்த முடிச்சிட்டோம். கடைசிப் பாடத்துக் கணக்கு ரெண்டு மட்டும் பாக்கி. அத முடிச்ச தைரியத்துல பழைய தடிப் புத்தகத்த மறுபடி எடுத்தோம். இப்ப அது பேசுறது வெளங்குது. 'எளிதில் காணலாம்'னு சொல்ற எடத்துல எல்லாம் நாங்களே ஓரத்துல படி எழுதிக்கிட்டே போறோம். எங்க கையெல்லாம் கொழுந்துக் கறை. சவுக்காரம் போட்டாலும் போக மாட்டேங்குது. அதனால ஓரம் நல்லாக் கறுத்துப்போச்சு. அப்பாவுக்கு நீங்க எழுதுன கடுதாசிய நானும் படிச்சேன் மாமா. அதான் கறுப்பு எம்புட்டுத் தூரம் வந்திருக்குன்னு நூல வச்சு அளந்து அனுப்புறேன். ஒரு முடிச்சு அட்டை. இன்னொரு முடிச்சு நாங்க நிக்கிற எடம்."

ஜெசிந்தா நூலை எடுத்து நீட்டிப் பார்த்தாள். இது என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"அக்காகிட்ட ஸ்கேல் இல்லியா?" என்றாள், தமிழில்.

மறுநாள் நூலைச் செபமாலைப் பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். இரசாயனத் தட்டில் நீலத் தடிப் புத்தகத்தில் ஒரு பிரதியை உருவி, படுக்க வைத்து, ஒரு முடிச்சை அட்டையோடு சேர்த்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு நூலை ஓரத்தின் குறுக்கே இழுத்தேன். மேற்பார்வை அம்மா வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டாள். அளக்கிறேன் என்றேன். எதற்கு என்றாள். அதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. இதற்கும் ஏதாவது படிவம் இருந்தால் கொடுங்கள், நிரப்பித் தருகிறேன் என்று தமிழிலேயே சொன்னேன். அவள் போய்விட்டாள்.

நூல் கறுப்பின் மேலே போய் மூன்றாம் பாடத்தைத் தாண்டியது. நாலைத் தாண்டியது. இரண்டாவது முடிச்சு ஐந்தாம் பாடத்துக்குள் போய் நின்றது. அந்த இடத்தில் இந்த ஊர்த் தாள் வெள்ளையாக இருந்தது.